டாஸ்க் மேனேஜரில் யார் இவர்கள்? கேள்வி பதில்

கேள்வி: சார், டாஸ்க் மேனேஜரில் எஸ்விசிஹோஸ்ட் என்று எழுபது எண்பது ஓடுகிறது. வைரஸா?

பதில்: எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். விண்டோஸின் சேவைகளை, அதாவது பின்னணியில் ஓடும் வேலைகளை, சுமக்கும் பொது வண்டி அது. முன்பெல்லாம் பல சேவைகள் ஒரே வண்டியில் கூட்டுக்குடித்தனம் நடத்தின. 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1703 பதிப்பு முதல், ரேம் 3.5 ஜிபிக்கு மேல் இருந்தால் பெரும்பாலானவை தனிக்குடித்தனம் போய்விட்டன.

பார்க்க வேண்டியது இடம். வலது கிளிக் செய்து ஓப்பன் ஃபைல் லொகேஷன் கொடுங்கள். சிஸ்டம்32 ஃபோல்டர் திறந்தால் நல்லது; சிஸ்வாவ்64லும் ஒரு பிரதி இருக்கும், அதுவும் சரிதான். டெம்ப், ஆப்டேட்டா என்று எங்காவது கூட்டிப்போனால் அது வேஷம். பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், சிஸ்டம்32க்குள் எழுத அட்மின் அனுமதி வேண்டும்.

கேள்வி: எல்சாஸ் என்று ஒன்று இருக்கிறதே?

பதில்: லாகின், பாஸ்வேர்டு விஷயங்களைக் கவனிப்பது, அவசியமானது. ஆனால் ஆங்கிலத்தில் அதன் முதல் எழுத்து சின்ன எல். போலி ஒன்று அந்த இடத்தில் பெரிய ஐ போட்டால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இதற்கும் வழி அதேதான், இடத்தைப் பாருங்கள்.

கேள்வி: சிஸ்டம் ஐடில் பிராசஸ் 97 சதவீதம் சிபியூவைத் தின்கிறது!

பதில்: தின்னவில்லை. சிபியூ அத்தனை சதவீதம் சும்மா இருக்கிறது என்று அர்த்தம். சந்தோஷப்படுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டரைச் சும்மா விட்டால் ஃபேன் அலறுகிறது, டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் அடங்கிவிடுகிறது.

பதில்: இது நல்ல கேள்வி. இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஆள் இல்லாத நேரம் பார்த்து விண்டோஸே பராமரிப்பு வேலைகளைச் செய்யும், நீங்கள் வந்து மவுஸைத் தொட்டதும் நிறுத்திக்கொள்ளும். அது சாதாரணம். மவுஸை அசைத்தும் அடங்காமல், டாஸ்க் மேனேஜர் திறந்தால் மட்டும் அடங்கினால், திருட்டுத்தனமாகக் கிரிப்டோ காசு தோண்டும் மைனராக இருக்கலாம். சில மைனர்கள் டாஸ்க் மேனேஜரைக் கண்டதும் பதுங்கிவிடும். விண்டோஸிலேயே இருக்கும் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து வைத்துவிட்டு எதையும் தொடாமல் காத்திருங்கள், சிபியூ வரைபடம் ஏறுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: சந்தேகமான ஒன்றை எண்ட் டாஸ்க் செய்தேன். ஐந்து நொடியில் மறுபடி வந்துவிட்டது.

பதில்: பெரும்பாலும் ஜோடியாக இருப்பார்கள், ஒருவன் விழுந்தால் மற்றவன் எழுப்பிவிடுவான். டாஸ்க் மேனேஜரைவிட விரிவாகக் காட்டும், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பிராசஸ் எக்ஸ்புளோரரில் முதலில் இருவரையும் சஸ்பெண்ட் செய்யுங்கள். உறைந்து நிற்பவன் கூட்டாளி செத்ததைக் கவனிக்க மாட்டான். அப்புறம் இருவரையும் கில் செய்யலாம். அதிலேயே வைரஸ்டோட்டல் சோதனையும் உண்டு; அது பல ஆன்டிவைரஸ் இன்ஜின்களிடம் ஒரே நேரத்தில் கருத்துக் கேட்கும் தளம். ஃபைலின் கைரேகை போன்ற ஹாஷை மட்டும் அனுப்பிக் கேட்கும். எழுபது சொச்சம் இன்ஜின்களில் ஒன்றிரண்டு மட்டும் குறை சொன்னால் அது தவறான எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

கொன்றதோடு விடாதீர்கள். தானாகத் தொடங்குபவற்றைப் பட்டியலிடும் ஆட்டோரன்ஸ் கருவியில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள், குறிப்பாக, நேரம் குறித்துத் தானே ஓடும் வேலைகளைக் காட்டும் ஷெட்யூல்டு டாஸ்க்ஸ் பகுதியை. மறுபடி முளைக்கும் வேர் பலமுறை அங்கேதான் இருக்கும். தெரியாததை உடனே டெலீட் செய்யாமல் டிக்கை மட்டும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஏதாவது கெட்டுப்போனால் திரும்ப டிக் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: என்னுடையது மேக். கர்னல் டாஸ்க் எகிறுகிறது.

பதில்: அது மேக் இயங்குதளத்தின் மையப் பகுதி. சிபியூ சூடாகும்போது மற்ற வேலைகளைத் தடுக்க அது இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காற்றுவழி அடைபட்டிருக்கிறதா பாருங்கள்.