கரண்ட் கம்பி இழுத்தா பட்டுக்கோட்டைக்கு இன்னொரு தினசரி ரயில் வந்துடுமா?

பட்டுக்கோட்டை வழியா போற திருவாரூர் காரைக்குடி ரயில் பாதைல கரண்ட் கம்பி இழுக்குற வேலை முடிஞ்சா சென்னைக்கு இன்னொரு தினசரி ரயில் வந்துடுமா, அப்பாவ அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போகணும்னு கேட்டிருந்தீங்க. 2025 ஏப்ரல்ல இருந்து தாம்பரம் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் தினமும் இந்த வழியா போகுது, ஆனா கம்பி மட்டும் வந்தா புது ரயில் வராது சகோ. டீசல் செலவு மிச்சம், வழியில இஞ்சின் மாத்துற நேரம் மிச்சம், அதுக்கு மேல பெட்டி வேணும், சென்னைல பிளாட்பாரம் வேணும், ஆள் வேணும். 2019ல இதே பாதைய அகலப்பாதையா தொறந்தப்போ கேட் கீப்பர் போடாததால ரயில்லயே வர்ற ஆளு ஒவ்வொரு கேட்டுலயும் எறங்கி மூடி, ரயில் தாண்டுனதும் தொறந்துவிட்டு, திரும்ப ஓடிவந்து ஏறணும், 149 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, எவ்ளோ கொடுமை பாருங்க.

அதனால மனு போட்டா பொத்தாம்பொதுவா எழுதாம, வாரம் மூணு நாள் போற தாம்பரம் செங்கோட்டை எக்ஸ்பிரஸ தினசரி ஆக்குங்கன்னு நேரா கேளுங்க, திருச்சி டிஆர்எம்முக்கு (ரயில்வே கோட்ட மேலாளர்) ஒண்ணு, எம்பி ஆபீஸுக்கு ஒண்ணு, வர்த்தக சங்கத்தையும் சேத்துக்கிட்டா வெயிட்டு கூடும். அதுவரைக்கும் அந்த ரயில் இல்லாத நாள்ல ராமேஸ்வரம் தாம்பரம் எக்ஸ்பிரஸ்ல போங்க, அதுல எடம் கெடைக்கலன்னா தஞ்சாவூருக்கு பஸ்ல போய் ராத்திரி சென்னைக்குப் போற உழவன் எக்ஸ்பிரஸ் புடிங்க, அப்பாவுக்கு லோயர் பெர்த் கேட்டு முன்னாடியே புக் பண்ணிடுங்க.