எல்இடி டிரைவர்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

கேள்வி: பாலிடெக்னிக் கடைசி வருடம் படிக்கும் என் மகன் எல்இடி டிரைவர் சர்க்யூட் ஒன்றைப் புராஜெக்டாகச் செய்யப் போகிறான். சிமுலேஷன் சாஃப்ட்வேரும் வகுப்பும் சேர்த்து 15,000 ரூபாய் என்கிறது ஒரு பயிற்சி மையம். கட்டலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: சாஃப்ட்வேருக்காக என்றால் ஒரு ரூபாய்கூட வேண்டாம். சர்க்யூட்டைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் எல்டிஸ்பைஸ் சாஃப்ட்வேர் இலவசம். லீனியர் டெக்னாலஜி உருவாக்கியது. அந்த நிறுவனத்தை 2017-ல் அனலாக் டிவைசஸ் வாங்கிய பிறகும் இலவசமாகவே தருகிறார்கள். மாணவர் பதிப்பு, இத்தனை பார்ட்ஸுக்கு மேல் போடக்கூடாது என்ற கட்டுப்பாடெல்லாம் கிடையாது. தங்கள் சிப்பை விற்கத்தான் கொடுக்கிறார்கள் என்பது வேறு விஷயம். நமக்கு அதில் நஷ்டமில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் வெபெஞ்ச் என்ற டிசைன் கருவி இணையத்திலேயே ஓடும். வோல்டேஜையும் கரண்டையும் கொடுத்தால் சர்க்யூட்டும் பார்ட்ஸ் பட்டியலும் வந்துவிடும், ஆனால் அவர்கள் சிப்பை வைத்துத்தான்.

பையன் முதலில் எல்டிஸ்பைஸில் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கட்டும். 12 வோல்ட் பேட்டரி, சீரியலாக மூன்று வெள்ளை எல்இடி, ஒரு ரெசிஸ்டர். எல்இடிகளுக்குச் சுமார் 9 வோல்ட் போக மீதி 3 வோல்ட். 350 மில்லி ஆம்பியருக்கு 8.6 ஓம். எல்லாம் சரியாக இருக்கும். இப்போது பேட்டரியை 14.4 வோல்ட் ஆக்கட்டும் (சார்ஜ் ஏறும்போது அவ்வளவு வரும்). கரண்ட் ஒன்றரை மடங்குக்கு மேல் எகிறும். எல்இடிக்கு வோல்டேஜை அல்ல, கரண்டைத்தான் நிலையாகக் கொடுக்க வேண்டும் என்று புத்தகம் சொல்வது அப்போதுதான் மண்டையில் ஏறும். டிரைவரின் வேலையே அதுதான். ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு ரெசிஸ்டர் மேல் கிளிக் செய்தால் அதில் வீணாகும் வாட் அலைவடிவமாக வரும். அந்த அலைவடிவத்தின் பெயர் மேல் கன்ட்ரோல் கீயோடு கிளிக் செய்தால் சராசரி தெரியும். இதற்கெல்லாம் வகுப்பு வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஆனால் திரையில் தெரிவதை அப்படியே நம்பிவிடக் கூடாது. எல்டிஸ்பைஸில் புதிதாக வைக்கும் கெபாசிட்டருக்கு உள் ரெசிஸ்டன்ஸே இருக்காது, காயில் (இண்டக்டர்) எத்தனை ஆம்பியர் ஏற்றினாலும் சாச்சுரேட் ஆகாது, அதாவது காந்த எல்லையைத் தொட்டுத் திணறாது. நிஜக் காயில் ஆகும், சிப் சூடாகும். டேட்டாஷீட்டில் உள்ள எண்களைக் கையால் போடாவிட்டால் வரும் எஃபிஷியன்சி வெறும் கனவு. இன்னொன்று: நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பிடி4115 என்ற எல்இடி டிரைவர் சிப் எல்டிஸ்பைஸ் லைப்ரரியில் இல்லை. கணக்கு மட்டும் எளிது: 0.1 வோல்ட்டை, கரண்டை அளக்கும் சென்ஸ் ரெசிஸ்டரின் ஓம் மதிப்பால் வகுத்தால் கரண்ட். 0.33 ஓம் போட்டால் சுமார் 300 மில்லி ஆம்பியர்.

மிச்சமாகும் பணத்தில் நல்ல மல்டிமீட்டர் வாங்கிக் கொடுங்கள். புராஜெக்ட் 12 வோல்ட்டிலேயே நிற்கட்டும். 230 வோல்ட்டில் நேரடியாக ஓடும் டிரைவரில் ஆஸிலோஸ்கோப்பின் எர்த் கிளிப்பை மாட்டினால் பட்டாசுதான், ஆளுக்கும் ஆபத்து. ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

கேள்வி: ஹாலில் உள்ள 18 வாட் பேனல் லைட்டின் டிரைவர் போய்விட்டது. “18 வாட்னா எது போட்டாலும் எரியும் சார்” என்கிறார் கடைக்காரர். சரியா? (வாசகர், தாம்பரம்)

பதில்: சரியில்லை. பழைய டிரைவரின் லேபிளில் அவுட்புட் என்ற வரியைப் பாருங்கள். உதாரணமாக, 54–84 வோல்ட், 300 மில்லி ஆம்பியர் என்று இருக்கும். புதியதிலும் அதே மில்லி ஆம்பியர் வேண்டும். பேனலுக்குத் தேவையான வோல்டேஜ் அதன் எல்லைக்குள் வர வேண்டும். அதே 18 வாட்டில் 450 மில்லி ஆம்பியர் டிரைவரும் உண்டு. மாட்டினால் ஒன்று விளக்கு பளிச்சென்று எரிந்து சூட்டில் சீக்கிரம் போகும், அல்லது வோல்டேஜ் போதாமல் மினுக்கும். லேபிள் அழிந்திருந்தால் பேனலையே கழற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

பேனலின் ஃபிரேம் உலோகம் என்றால் ஐசோலேட்டட் டிரைவர் (230 வோல்ட் பக்கத்தோடு அவுட்புட்டுக்கு நேரடி மின்தொடர்பு இல்லாதது) என்று கேட்டு வாங்குங்கள். பத்து இருபது ரூபாய் மிச்சம் பார்க்கும் இடம் இதுவல்ல. எல்இடி டிரைவருக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். ஐஎஸ் 15885 என்றும், ஆர் என்ற எழுத்தோடு எட்டு இலக்க எண்ணும் போட்டிருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யார் பெயரில் பதிவு என்று கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

கேள்வி: 25,000 மணி நேரம் என்று அட்டையில் போட்ட பல்பு ஒன்றரை வருடத்தில் போய்விட்டது. ஏமாற்றா? (வாசகி, மதுரை)

பதில்: தினம் ஆறு மணி நேரம் என்றாலும் 3,300 மணி நேரம்கூட ஆகவில்லை, உங்கள் கோபம் நியாயம். பெரும்பாலும் முதலில் சாவது எல்இடி அல்ல, டிரைவரில் உள்ள எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர். சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். காற்றுப் போகாத மூடிய கூண்டு விளக்குக்குள் போட்டிருந்தீர்களா? அப்படியானால் அடுத்த பல்பை வேறு இடத்தில் மாட்டுங்கள். அட்டையில் இரண்டு வருட வாரன்டி போட்டிருந்தால் பில்லோடு போய் மாற்றித் தரச் சொல்லுங்கள். மெஷினில் வரும் தெர்மல் பேப்பர் பில்லின் எழுத்து அதற்குள் மங்கிவிடும், வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள்.