பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு ஸ்பானிஷ் படிப்பது பயன் தருமா?

கீழக்கரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகும் அவருடைய தங்கை, வெளியூர் சென்று ஸ்பானிஷ் மொழியில் இளங்கலை படிக்க விரும்புகிறார். ஒரு மொழியைக் கற்றுக்கொள்ள மூன்றாண்டும் விடுதிச் செலவும் எதற்கு, சென்னையில் ஏதாவது ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தால் போதாதா என்று வீட்டில் கேட்கிறார்கள். நான் உச்சிப்புளிப் பக்கத்துக் கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து போய், ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை, முதுகலை இரண்டையும் ஸ்பானிஷில் முடித்தவள். இப்போது மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். ஆகவே இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

உங்கள் வீட்டார் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மொழி மட்டும் போதும் என்றால் பல்கலைக்கழகம் தேவையில்லை. ஸ்பெயின் அரசின் செர்வாந்தேஸ் நிறுவனம் புதுடெல்லியில் இயங்குகிறது. அது நடத்தும் ஸ்பானிஷ் மொழித்திறன் தேர்வான டெலே, ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளைக் கொண்டது. ஸ்பெயின் கல்வி அமைச்சகத்தின் பெயரால் வழங்கப்படும் அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி என்பதே கிடையாது. வணிகவியலோ கணினியியலோ படித்துக்கொண்டே இணையவழி வகுப்பில் சேர்ந்து பி2 நிலையை எட்டியவர்கள் பலர், நிறுவனங்களில் மொழிப் பட்டதாரிகளுக்குச் சமமாக, சில சமயம் அவர்களைவிடக் கூடுதலாகவே சம்பாதிக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் கிடைப்பது வேறொன்று. அங்கே முதல் ஆண்டு முழுவதும் இலக்கணமும் உச்சரிப்பும் உரையாடலுமாகக் கழிந்தாலும், அடுத்த ஆண்டிலிருந்து ஸ்பெயினின் வரலாறு, லத்தீன் அமெரிக்காவின் குடியேற்றக் காலமும் விடுதலைப் போர்களும், இலக்கியம், மொழிபெயர்ப்பு என்று பாடங்கள் விரிந்து, மொழி என்பது படிப்பதற்கான கருவியாக மாறிவிடுகிறது. உங்கள் தங்கைக்கு அந்தப் பாடங்களில் நாட்டம் உண்டா என்பதைத்தான் முதலில் கேட்டறிய வேண்டும்.

மொழியைப் பொறுத்தவரை அவர் அஞ்ச வேண்டியதில்லை என்பேன். என்னுடன் படித்த வட இந்திய மாணவர்கள் தடுமாறிய சில இடங்களைத் தமிழ் பேசும் நாங்கள் எளிதாகக் கடந்தோம். ஸ்பானிஷில் வினைச்சொல்லின் விகுதியே யார் செய்தார் என்பதைக் காட்டிவிடுவதால், ‘பேசுகிறேன்’ என்று நாம் சொல்வதைப் போலவே ‘அப்லோ’ என்ற ஒரே சொல் போதும். ‘நான்’ என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ‘எனக்குக் கடல் பிடிக்கும்’ என்ற வாக்கியத்தில் விரும்புகிறவர் எழுவாயாக வராமல் ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் வருகிறார் அல்லவா? ‘மே குஸ்தா எல் மார்’ என்ற ஸ்பானிய வாக்கியத்தின் அமைப்பும் அதுவே. ஆங்கிலத்தின் வழியாக யோசிப்பவர்கள் இந்த ஓரிடத்தில் மாதக்கணக்கில் இடறுவார்கள். இன்னும் நுட்பமானது ஒன்று உண்டு. ‘படகு பார்த்தேன்’ என்று உருபில்லாமல் சொல்ல நமக்கு முடியும். ‘அம்மா பார்த்தேன்’ என்று சொல்ல முடியாது, ‘அம்மாவைப் பார்த்தேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்பானிஷிலும் செயப்படுபொருள் மனிதராக இருந்தால் அதற்கு முன் ‘ஆ’ என்ற இடைச்சொல் வர வேண்டும், பொருளாக இருந்தால் பொதுவாக வராது. பள்ளியில் உயர்திணை, அஃறிணை என்று மனப்பாடம் செய்தது எனக்கு முதன்முதலில் உதவியது டெல்லியில் அந்த வகுப்பறையில்தான்.

ஒலிகளிலும் அப்படியே. இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வரும் க, த, ப ஆகியவற்றை நாம் மெலிதாக ஒலிக்கிறோம். அதே இடத்தில் ஸ்பானியர்களும் தங்கள் ஒலிகளை மெலிதாக்குகிறார்கள். ஒற்றை ‘ர’வுக்கும் உருட்டி ஒலிக்கும் ‘ற’வுக்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்கு மிக முக்கியம், நம்மில் பலர் அதைப் பேச்சில் கைவிட்டுவிட்டாலும், தமிழாசிரியர் கண்டிப்பானவராக இருந்திருந்தால் நாக்குக்கு அது புதிதாக இராது. இடறும் இடங்களும் உண்டு. உயிரற்ற பொருள்களுக்கும் ஆண்பால், பெண்பால் என்று பிரித்திருப்பது நம் மனத்துக்கு எளிதில் ஏறாது. ‘அவர் ஆசிரியர்’ என்று வினை இல்லாமலும், ‘அவர் களைப்பாக இருக்கிறார்’ என்று ‘இரு’ சேர்த்தும் நாம் சொல்வதை வைத்து, ஸ்பானிஷின் ‘செர்’, ‘எஸ்தார்’ என்ற இரண்டு வினைகளையும் பிரித்துவிடலாம் என்று முதலில் தோன்றும். ‘அவர் உயரமாக இருக்கிறார்’ என்ற வாக்கியம் வந்ததும் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். விருப்பம், ஐயம், வேண்டுதல் ஆகியவற்றைச் சொல்ல வினை தனி வடிவம் எடுப்பது இரண்டாம் ஆண்டிலும் தொந்தரவு கொடுக்கும். இவற்றுக்குப் பயிற்சியைத் தவிர வேறு வழியில்லை.

பண்பாட்டுப் பாடங்களில் நமக்கு உடனடியாகப் பிடிபடுவது மொழி அரசியல். ஸ்பெயினில் நாம் ஸ்பானிஷ் என்று அழைக்கும் காஸ்டிலிய மொழியோடு கட்டலான், கலீசியம், பாஸ்க் ஆகிய மொழிகளும் வாழ்கின்றன. 1939 முதல் 1975 வரை நீடித்த சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் அவை பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் ஒதுக்கிவைக்கப்பட்டன. 1978-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, காஸ்டிலியத்தை அறிந்திருப்பது குடிமக்கள் அனைவரின் கடமை என்று வைத்துக்கொண்டு, மற்ற மொழிகளுக்கு அவரவர் தன்னாட்சிப் பகுதிகளில் இணை ஆட்சிமொழித் தகுதி அளித்தது. 1965-ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, அந்தச் சட்டப் பிரிவில் ‘கடமை’ என்ற சொல் எவ்வளவு கனமானது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. என் முதுகலை ஆய்வேட்டுக்கு இந்தப் பாடமே வழிகாட்டியது. கலீசியாவில் கடல் உள்வாங்கும் நேரத்தில் சேற்றுக்கரையில் இறங்கிச் சிப்பி சேகரிக்கும் பெண்களைப் பற்றிய எழுத்துகளை எடுத்துக்கொண்டேன். பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்களைச் சிறுவயதிலிருந்து பார்த்தவள் என்பதால், உரிமம், தடை, இடைத்தரகர் விலை என்று அந்த எழுத்துகளில் வரும் சச்சரவுகள் எதுவும் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

லத்தீன் அமெரிக்காவோ பெரிய பரப்பு. ஸ்பானிஷ் ஆட்சிமொழியாக உள்ள நாடுகள் 20. அவற்றில் எக்குவடோரியல் கினி ஆப்பிரிக்காவில் இருக்கிறது, ஸ்பெயினைத் தவிர மற்ற எல்லாமே அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவை. அங்கும் ஸ்பானிஷ் தனியாக வாழவில்லை: பராகுவேயின் 1992 அரசியலமைப்பு குவரானி மொழியையும், பொலிவியாவின் 2009 அரசியலமைப்பு 36 பூர்வகுடி மொழிகளையும் ஆட்சிமொழிகளாக ஏற்றிருக்கின்றன. இவற்றையெல்லாம் பாடநூலில் படிக்கும்போது தூரத்துச் செய்தியாகத் தோன்றலாம். எனக்கு அந்தத் தூரம் குறைந்தது சீமைக்கருவேல மரத்தால். நம் இராமநாதபுரம் மாவட்டத்தின் கண்மாய்களையும் தரிசுகளையும் அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த மரத்தின் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவின் வடபகுதியும். அதற்கு மிக நெருங்கிய உறவான இன்னொரு மரம் பெருவின் வறண்ட வடக்குக் கடற்கரையில் வளர்கிறது. அதன் காய்களைக் காய்ச்சிப் பாகு எடுத்துப் பானங்களில் கலக்கிறார்கள், காடு அழியாமல் காக்க வேண்டும் என்று கவலைப்படுகிறார்கள். நாம் வேரோடு பிடுங்க நீதிமன்றம் வரை போன ஒரு மரத்தின் உறவைப் பற்றி அவ்வளவு பரிவான கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கச் சொன்னபோது, முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாயின் மூதாதையும் அந்தக் கண்டத்திலிருந்து வந்ததுதான். கொலம்பஸுக்குப் பிறகு கண்டங்களுக்கிடையே பயிரும் நோயும் மனிதர்களும் எப்படி மாறிச் சென்றார்கள் என்பது ஒரு தனிப் பாடமாகவே பல இடங்களில் உண்டு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் படிப்பில் வியந்து போற்றவேண்டியவர்களாக மட்டுமே எழுத்தாளர்களைப் பார்க்க முடியாது. 1971-இல் நோபல் பரிசு பெற்ற சிலிக் கவிஞர் பாப்லோ நெரூதா, 1929-இல் தூதரக அலுவலராகக் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் கடற்கரை வீடொன்றில் தங்கியிருந்தார். அந்த வீட்டின் கழிவறையைத் துப்புரவு செய்ய வந்த தமிழ்ப் பெண் ஒருவரை, அவர் இணங்காத நிலையிலும் தன் அறைக்கு இழுத்துச் சென்று உறவு கொண்டதை, 1974-இல், அதாவது நெரூதா இறந்த மறுஆண்டு வெளிவந்த நினைவுக் குறிப்பு நூலில் அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பெண் தமிழ் இனத்தவர், தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்ட சாதியினர் என்பதையும் குறிப்பிட்டிருக்கிறார், பெயர் இல்லை. 2018-இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு நெரூதாவின் பெயரைச் சூட்டும் முயற்சி நடந்தபோது சிலியின் பெண்கள் அமைப்புகள் இந்தப் பத்தியைச் சுட்டிக்காட்டியே எதிர்த்தன. அவருடைய காதல் கவிதைகளைத் தமிழில் படித்து வளர்ந்த நமக்கு இது கசப்பானதுதான். ஆனால் இலங்கைக்குக் கூலி வேலைக்குப் போன தமிழர்கள் மண்டபம் முகாமில் நிறுத்திவைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து கப்பலேறிய காலம் அது. அந்தப் பெண்ணோ அவருடைய பெற்றோரோ நம் கரையைக் கடந்து போனவர்களாக இருக்கலாம். வகுப்பில் அந்தப் பத்தியைப் படித்தபோது, கவிதையைக் கவிஞரின் வாழ்க்கையிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டவர்களுக்கு, பிரித்துப் பார்க்கும் வசதி எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை என்று நான் பதில் சொன்னேன். இன்றும் அந்தக் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவருடைய கவிதைகளைப் படிப்பதையும் நிறுத்தவில்லை.

இதோடு ஒப்பிட, மெக்சிகோக் கவிஞர் ஒக்தாவியோ பாஸ் வேறுவகையானவர். 1962 முதல் 1968 வரை இந்தியாவில் மெக்சிகோவின் தூதராக இருந்த அவர், தன் நாட்டில் மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். மதுரையையும் கன்னியாகுமரியையும் தலைப்பாகக் கொண்ட கவிதைகள் அவரிடம் உண்டு. அவற்றிலும் வெளியிலிருந்து வந்தவரின் பார்வைதான் இருக்கிறது என்று குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த விவாதத்தில் பேச நமக்குக் கூடுதல் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

நம் கடற்கரையில் பலருக்கும் உள்ள ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நம் முத்துக்குளித்துறையோடு தொடர்புடையவர்கள் போர்த்துகீசியர்கள், ஸ்பானியர்கள் அல்லர். ஓரியூரில் 1693-இல் கொல்லப்பட்ட கிறித்தவத் துறவி ஜான் டி பிரிட்டோவும் போர்த்துகீசியரே. 1542-இல் இந்தப் பக்கம் வந்த பிரான்சிஸ் சவேரியார் மட்டும் இன்றைய ஸ்பெயினில் உள்ள நவார்ராவில் பிறந்தவர், ஆனால் அவரை அனுப்பியது போர்த்துகல் அரசர்தான். நேர்முகத் தேர்வில் இதைக் குழப்பிப் பேசாமல் இருப்பது நல்லது.

சேர்க்கை பற்றி: நம் ஊர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் இந்தப் பட்டப்படிப்பு இல்லை. டெல்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா, ஹைதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இளங்கலை நிலையிலேயே ஸ்பானிஷ் உண்டு. முன்பே மொழி தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அகரத்திலிருந்தே தொடங்குவார்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக கியூட் எனப்படும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டியிருக்கும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பை நேரடியாகப் பாருங்கள். கட்டணம் தனியார் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. விடுதி கிடைத்துவிட்டால் செலவு பயமுறுத்தாது, கிடைக்கும் வரைதான் சிரமம்.

வேலை கிடைக்குமா என்றால், கிடைக்கும். ஆனால் பட்டம் மட்டும் அதைத் தராது. இந்தியாவில் தயாராகும் இருசக்கர வாகனங்களும் மருந்துகளும் லத்தீன் அமெரிக்கச் சந்தைக்குப் பெருமளவில் போகின்றன. சென்னையில் தலைமையகம் கொண்ட ராயல் என்ஃபீல்டு, அர்ஜென்டினாவிலும் கொலம்பியாவிலும் வண்டிகளின் பாகங்களை ஒன்றுசேர்த்து விற்கிறது. டிசிஎஸ் நிறுவனம் 2002 முதல் உருகுவேயில் இயங்குகிறது. இத்தகைய நிறுவனங்களின் ஏற்றுமதி, வாடிக்கையாளர் சேவை, கணக்குப் பிரிவுகளில் ஸ்பானிஷ் அறிந்தவர்களைத் தேடுகிறார்கள். எனவே கடைசி ஆண்டிலாவது கணக்குப்பதிவோ சட்ட மொழிபெயர்ப்போ ஏதாவது ஒரு துறை அறிவைச் சேர்த்துக்கொள்வது அவசியம். ஆசிரியப் பணி விரும்பினால் முதுகலையும், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வும் வேண்டும். சுற்றுலா வழிகாட்டி வேலை பருவத்தைப் பொறுத்தது, அதை நம்பிப் படிக்க வேண்டாம்.

தமிழ்வழியில் படித்தவராக இருந்தால், முதல் பருவத்தில் அவரைத் திணறடிக்கப்போவது ஸ்பானிஷ் அல்ல, ஆங்கிலம். தொடக்க வகுப்புகளில் இலக்கண விளக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும், நூலகத்தின் வரலாற்று நூல்களும் அப்படியே. தேர்வு முடிவு வரும் வரையுள்ள மாதங்களில் ஸ்பானிஷ் செயலிகளில் நேரத்தைக் கழிப்பதைவிட, லத்தீன் அமெரிக்க வரலாறு பற்றிய ஓர் எளிய ஆங்கில நூலை அகராதியோடு உட்கார்ந்து முழுமையாகப் படித்து முடிக்கச் சொல்லுங்கள். டெல்லிக்குப் போவதானால் கடைத்தெருவில் பேசும் அளவுக்கு இந்தியையும் சேர்த்துக் கற்றுக்கொள்வது நல்லது. ஹைதராபாத்தில் அது இல்லாமலும் சமாளிக்கலாம்.