சந்திக் குழாயடியில் நிற்கும் உங்கள் மனைவி

கேள்வி: ஒட்டுசுட்டானுக்கு அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். எங்கள் கோயில் கும்பாபிஷேகத்தோடு மச்சத்தை, அதாவது மீன் இறைச்சியை, விட்டு இரண்டு வருடங்களாகின்றன. வீட்டிலும் மச்சம் சமைப்பதில்லை. மச்சச் சட்டிகளை நானே எடுத்து எறிந்துவிட்டேன். மனைவி முல்லைத்தீவுக் கரையோரத்தைச் சேர்ந்தவர், இப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. ஞாயிற்றுக்கிழமைகளில் தாய்வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, பேருந்தால் இறங்கிச் சந்திக் குழாயில் வாய் கொப்புளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அந்த அளவுக்கு என் விரதத்தை மதிக்கிறார். ஆனால் அவருடைய தமையன், மனிதனுக்கு மூளை வளர்ந்ததே இறைச்சி தின்றுதான், நீ பிள்ளைத்தாச்சியைப் பட்டினி போடுகிறாய் என்று சண்டைக்கு வருகிறார் (கிளினிக்கில் இரத்தம் 9.2 என்றார்களாம்). அதைக் கேட்டு நானும் மனைவியோடு சத்தம் போட்டுவிட்டேன். தட்டையான பல்லும் நீண்ட குடலும் மனிதன் இயற்கையிலேயே சைவம் என்பதைக் காட்டவில்லையா? வள்ளுவரும் புலாலை மறுத்திருக்கிறார். இறைச்சி புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்லியிருக்கிறது. யார் சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொன்னால் வீட்டுப் பிரச்சினை முடியும்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி பல்லையும் குடலையும் பற்றியது. அதற்கும் பதில் தருகிறேன், ஆனால் பிறகு. போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனீர்களே, அந்தக் குழாயடிக்கு முதலில் வாருங்கள்.

வயிற்றில் பிள்ளையைச் சுமக்கும் ஒரு பெண், தாய் வைத்துக் கொடுத்த சூடைமீன் குழம்போடு ஒரு நேரம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, முல்லைத்தீவிலிருந்து பேருந்து நெரிசலில் வந்து இறங்கி, நேரே வீட்டுக்குப் போகாமல், கடைக்காரரும் முச்சக்கரவண்டிக்காரரும் பார்த்துக்கொண்டிருக்கச் சந்திக் குழாயைத் திறந்து, ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக் குனிந்து வாய் கொப்புளிக்கிறாள். பிறகு உள்ளங்கையை வாயருகே பிடித்து ஊதி மணந்தும் பார்த்திருப்பாள்; நீங்கள் அதை எழுதவில்லை, ஆனாலும் பார்த்திருப்பாள். கள்ளுக் குடித்த ஆண்பிள்ளைகள் வாயில் ஏலக்காயைப் போட்டு மென்றபடி படலையைத் திறப்பதை நான் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். தாய்வீட்டுச் சோற்றைத் தின்ற பெண் அப்படிப் படலைக்கு வருவதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். இதற்கு நீங்கள் மதிப்பு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். உங்கள் முகம் சுளிக்கும் என்று அந்தப் பிள்ளை பயப்படுகிறாள், தம்பி. நீங்கள் வாசலில் மூக்கை உறிஞ்சியது ஒரு தரமா, பல தரமா என்று எனக்குத் தெரியாது. ஒரு தரமே போதும்.

குறளைத் துணைக்கு அழைத்தீர்கள், ஆகவே குறளுக்கே போவோம். புலால் மறுத்தல் இருபத்தாறாவது அதிகாரம். அது அமர்ந்திருப்பது துறவறவியலில், தவத்துக்கும் துறவுக்கும் பக்கத்தில். அதனால் இல்லறத்தாருக்கு அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விரும்பியவர் எடுத்துக்கொள்ளலாம், நானே எடுத்துக்கொண்டவள்தான். ஆனால் அதை எடுத்துக்கொண்டவர் ஐந்து அதிகாரம் தள்ளி முப்பத்தோராவதாக நிற்கும் வெகுளாமையையும், அதற்கு அடுத்த இன்னா செய்யாமையையும் தாண்டிக் குதித்துப் போக முடியாது. மனைவியோடு சத்தம் போட்ட அன்று இருபத்தாறைக் காப்பாற்றி முப்பத்தொன்றை முறித்தீர்கள். இல்லறத்தானுக்கென்று வள்ளுவர் வகுத்த பகுதியிலோ, மோந்தவுடன் வாடும் அனிச்சத்தைப் போல் முகம் மாறிப் பார்த்தவுடன் விருந்தினர் வாடுவர் என்ற குறள் இருக்கிறது. விருந்தாளிக்கே அந்தக் கவனம் என்றால், உங்கள் பிள்ளையைச் சுமப்பவளுக்கு எவ்வளவு வேண்டும்? அவளை நீங்கள் மோந்தும் பார்க்கிறீர்கள், முகம் மாறியும் பார்க்கிறீர்கள்.

என் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. எனது தாயார் வாழ்நாள் முழுவதும் சைவம். ஐயாவோ மச்சம் இல்லாமல் சோற்றில் கைவைக்க மாட்டார்; அடுப்புக்கு மேலே பரணில் இறைச்சி வத்தல் எப்போதும் புகைபட்டுக்கொண்டிருக்கும், ஊரில் ஆடு அடித்துப் பங்கு போட்டால் எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு வரும். அம்மா குசினிக்கு வெளியே பத்தியில் தனி அடுப்பு மூட்டி, மச்சச் சட்டியில் அதைச் சமைப்பார். ருசி பார்க்க மாட்டார். குழம்பு கொதித்து வரும்போது எங்களில் ஒருவரைக் கூப்பிட்டு, அகப்பையால் இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டு, "உப்புக் காணுமா?" என்று கேட்பார். நாங்கள் நக்கிப் பார்த்துச் சொல்வதுதான் அவருக்கு அளவு. பிறகு கிணற்றடியில் குளித்து மாற்றுடை உடுத்துத் தன் சோற்றைத் தான் தனியாகப் போட்டுத் தின்பார். அந்த விரதத்தின் பாரம் முழுவதையும், இரண்டு அடுப்பையும் இரண்டு குளிப்பையும், அவரே சுமந்தார். ஐயா அதில் ஒரு விறகைக்கூடத் தூக்கிக் கொடுக்கவில்லை என்பது வேறு வழக்கு. அதற்காக இன்றும் எனக்கு அவர்மீது கோபம் உண்டு. உங்கள் வீட்டிலோ விரதம் பிடித்தவர் நீங்கள், சுமப்பவள் அவள். சட்டியை எறிவதற்கு முன் அவளிடம் ஒரு சொல் கேட்டீர்களா?

அவளுக்கு அடக்கம் தெரியாது என்றும் எண்ண வேண்டாம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு விளக்கு வைத்தால் கரையோரத்தில் எத்தனையோ வீடுகளில் மச்சச் சட்டி கவிழ்ந்துவிடும், பொங்கல் முடிந்துதான் நிமிரும். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். மச்சம் உண்ணும் நாளும் உண்ணாத நாளும் அறிந்து வளர்ந்த பெண்ணுக்கு நீங்கள் புதிதாகப் பக்தி கற்பிக்கத் தேவையில்லை. நம்மவர் பேச்சில் சைவம் என்ற ஒரே சொல் சமயத்தையும் சாப்பாட்டையும் குறிப்பதால் வந்த மயக்கம் இது. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் புலால் உண்ணாமையைச் சைவ ஒழுக்கமாக வற்புறுத்தியது உண்மை. சுவை பார்த்த இறைச்சியைச் சிவனுக்குப் படைத்த கண்ணப்பரும், வலையில் வந்த மீனைக் கடலில் விட்டே தொழுத அதிபத்தரும் அறுபத்துமூவரில் இருப்பதும் உண்மை. உங்கள் மனைவியின் குலத்தொழில் செய்தவருக்கு உங்கள் கோயில் சுற்றுப்பிரகாரத்திலேயே சிலை இருக்கக்கூடும். அடுத்த முறை போகும்போது பாருங்கள்.

இனிப் பல்லும் குடலும். நீங்களும் தோற்றீர்கள், மச்சானும் தோற்றார். மனிதன் கிடைத்ததைத் தின்று பிழைத்த உயிர். எத்தியோப்பியாவின் கோனாவில் கிடைத்த கற்கருவிகள் ஏறத்தாழ 26 இலட்சம் ஆண்டுப் பழமையானவை. அந்தக் காலத்து விலங்கெலும்புகளில் கல்லால் இறைச்சியை அரிந்த கீறல்கள் உள்ளன. நம்முடைய தீவிலேயே, களுத்துறை மாவட்டத்துப் பாகியன்கலைக் குகையில் ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் குரங்கையும் மரஅணிலையும் வேட்டையாடி உண்டதை அங்கே கிடைத்த எலும்புகள் காட்டுகின்றன. ஆகவே இயற்கையாகவே சைவம் என்ற பேச்சு நிற்காது. குடலும் உங்கள் பக்கம் இல்லை: இலையும் காயும் தின்னும் மனிதக் குரங்குகளோடு ஒப்பிட்டால் நம்முடைய பெருங்குடல் சிறியது. மச்சான் சொல்வதற்கும் ஒரு வேர் உண்டு. சத்துச் செறிந்த உணவு கிடைத்ததால் குடல் சுருங்கி, மிச்சப்பட்ட சக்தி மூளைக்குப் போயிருக்கலாம் என்று லெஸ்லி அயெல்லோவும் பீட்டர் வீலரும் 1995இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். ஆனால் அது கருதுகோள்தான். நெருப்பில் வேகவைத்த கிழங்குக்கும் அதில் பெரும் பங்கு உண்டு என்று ரிச்சர்ட் ரங்ஹம் போன்றோர் வாதிடுகிறார்கள். பல் சிறுத்ததற்கும் சமையலைக் காரணம் காட்டுவார்கள். எப்படியானாலும், பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் எவனோ குகையில் தின்றதை வைத்து உங்கள் மனைவியின் கோப்பையில் எதைப் போடுவது என்று தீர்மானிக்கப் பார்க்கும் இரண்டு ஆண்பிள்ளைகளில் ஒருவராவது அவளைக் கேட்டிருக்கலாம்.

புற்றுநோய் பற்றிய உங்கள் செய்தி பாதிதான். 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் தருவது உறுதி என்ற வகையில் சேர்த்தது சொசேஜ், ஹாம் போன்ற பதப்படுத்திய இறைச்சியை. மாடு, ஆடு, பன்றி போன்ற சிவப்பிறைச்சியை அதற்கு அடுத்த, தரக்கூடும் என்ற வகையில் வைத்தது. சூடைமீன் அந்தப் பட்டியலில் இல்லை.

அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்தீர்களே, அந்த 9.2. கர்ப்பிணிக்கு ஈமோகுளோபின் 11க்குக் கீழே போனால் இரத்தச்சோகை என்பது வழமையான கணக்கு. "என்றார்களாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் கிளினிக்குக்குப் போகவில்லை. கோயில் கூட்டத்துக்கு நேரம் இருந்திருக்கும். இரத்தம் குறைவதற்குப் பல காரணங்கள் உண்டு, அதை வைத்தியர் பார்ப்பார்; நீங்கள் அறிய வேண்டியது இவ்வளவுதான். முருங்கையிலையிலும் கௌபியிலும் பயறிலும் இரும்பு இருக்கிறது, ஆனால் மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பை உடம்பு அதைவிட எளிதாக எடுத்துக்கொள்ளும். கீரையோடு சிறிது மீனும் சேர்ந்தால் அந்தக் கீரையின் இரும்பும் கூடுதலாக உடம்பில் சேரும். தேசிக்காய்ப்புளியும் அதற்கு உதவும், சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் கெடுக்கும். கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையைத் தேநீரோடும் பாலோடும் விழுங்கக் கூடாது. பி12 என்ற உயிர்ச்சத்து நம்பத்தக்க அளவில் மரக்கறியில் கிடையாது. மீன், இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றில் உண்டு, இல்லாவிட்டால் மாத்திரையாக எடுக்க வேண்டும். அது குறைந்தால் சோகையும் கைகால் விறைப்பும் வரும், பிள்ளையின் நரம்பு வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். நீங்களும் பாலையும் தயிரையும் விட்டிருந்தால் உங்களுக்கும் இதே கதைதான்.

நன்கு திட்டமிட்ட சைவச் சாப்பாட்டோடு ஒரு தாய் நலமாகப் பிள்ளை பெறலாம். நானே இரண்டு பெற்றேன். ஆனால் அது நானாக எடுத்த முடிவு, திட்டமிட்டதும் நானே, பாலும் முட்டையும் மாத்திரையும் குறைவில்லாமல் எடுத்தேன். உங்கள் மனைவி எதையும் முடிவு செய்யவில்லை. வாரத்தில் ஆறு நாள் உங்கள் விரதத்தைத் தின்கிறாள், ஏழாம் நாள் தாய்வீட்டில் ஒளித்துத் தின்கிறாள்.

மச்சானோடு வாதாடுவதை விடுங்கள்; தங்கையின் கோப்பையை எட்டிப் பார்ப்பது தமையனின் கடமை, நீங்கள் பார்த்திருந்தால் அவர் வந்திருக்க மாட்டார். அடுத்த கிளினிக் நாளில் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவளோடு போய், மருத்துவமாது சொல்வதை உங்கள் காதால் கேளுங்கள். பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்து சோறூட்டும் காலத்தில் இந்தச் சண்டை திரும்பவும் வரும். அப்போதும் அந்த அம்மா முட்டையும் மீனும் கொடுக்கச் சொல்வார், அதற்கும் இப்போதே மனதைத் தயார் செய்யுங்கள். பிள்ளை வளர்ந்து விரும்பினால் உங்கள் வழிக்கு வரட்டும். உங்கள் சைவத்தை நீங்கள் ஒரு நாளும் விட வேண்டாம்.

எறிந்த சட்டிக்குப் பதிலாகப் புதுச் சட்டியை நீங்களே வாங்க வேண்டும், அவளை அனுப்பக் கூடாது. மண்சட்டியாக வாங்குங்கள். வாங்கியவுடன் அடுப்பில் ஏற்றினால் வெடித்துவிடும். அரிசி கழுவிய கழுநீரை ஊற்றி இரண்டு நாள் ஊறவைத்துப் பழக்க வேண்டும். ஆகவே வியாழக்கிழமையே வாங்கி, பத்தியில் அடுப்பும் கட்டிவிடுங்கள். ஞாயிறு பின்னேரம் பேருந்து வரும் நேரத்துக்குச் சந்தியில் போய் நின்று, அவள் குழாயடிக்குத் திரும்புவதற்கு முன் பையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பைக்குள் தாய் கொடுத்துவிட்ட கருவாட்டுப் பொட்டலம் ஒன்று இருந்தால், அது உங்கள் சைக்கிளின் முன்கூடையில் வரட்டும்.