கிராம்பு வாசனைப் படலமும் காசிமேட்டு மீனும்: கேள்வி பதில்

உணவைச் சுற்றி வைத்தால் அதற்குள் கிருமித் தடுப்பை மெல்ல மெல்ல விடும், மெல்லிய தாள் மாதிரியான மக்கும் படலங்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை. பல வருஷம் படலம் வார்த்த கை என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: காசிமேட்டில் மீன் விற்கிறேன் அண்ணே. இதில் சுற்றினால் ஐஸ் செலவு மிச்சமா?

பதில்: இல்லம்மா. ஐஸில் இருக்கும் மீன் துண்டின் மேல் கிருமி பெருகுவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் குப்பையில் கொட்டும் இறால் ஓடுதான் இதற்கு மூலப்பொருள்! ஓட்டிலிருந்து அமிலத்தால் சுண்ணாம்பையும் காரத்தால் புரதத்தையும் நீக்கினால் கைட்டின் மிஞ்சும். அதைக் கெட்டிக் காரத்தில் சூடாக்கினால் கைட்டோசான். வினிகர் கலந்த தண்ணீரில் அது கரையும். கிளிசரினும் கிராம்பு எண்ணெயும் சேர்த்துத் தட்டில் ஊற்றிக் காயவைத்தால், இளமஞ்சளாக உரிந்து வரும். கிளிசரின் குறைந்தால் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும்.

கேள்வி: எண்ணெயை நேராக மீனிலேயே தடவினால் என்ன?

பதில்: பாதி காற்றில் போகும், மீதியைச் சதை இழுத்துக்கொள்ளும், கிருமி இருக்கும் மேற்பரப்பில் சீக்கிரமே ஒன்றும் நிற்காது. படலத்தில் இருந்தால், மீனின் ஈரத்தில் படலம் ஊறி உப்பும், அப்போது கிராம்பு எண்ணெயில் கிருமியைத் தடுக்கும் சரக்கான யூஜினால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ரொம்ப ஈரமான பண்டத்தில் படலம் சீக்கிரம் ஊறிவிடும், சரக்கும் சீக்கிரம் தீர்ந்துவிடும். எங்களுக்குத் தலைவலியே இந்த வேகத்தைப் பிடிப்பதுதான்.

கேள்வி: சவுகார்பேட்டையில் பன்னீர் போடுகிறோம். வாசனை ஏறாதா?

பதில்: ஏறும். ஒருமுறை ஆர்வக்கோளாறில் கிராம்பு எண்ணெயைத் தாராளமாக விட்டேன். பன்னீர் கெடவில்லை, ஆனால் பல்வலி மருந்து மாதிரி மணந்ததில் வீட்டில் ஒருவரும் தொடவில்லை. பன்னீருக்கு நைசின் பாருங்கள். பாலைப் புளிக்கவைக்கும் ஒருவகை பாக்டீரியா தருவது, வாசனை கிடையாது. எல்லாக் கிருமிக்கும் கேட்காது, பூஞ்சைக்குச் சுத்தமாகக் கேட்காது.

கேள்வி: தண்டையார்பேட்டையில் இட்லி மாவு விற்கிறேன். புளிக்காமல் வைக்குமா?

பதில்: மாவைப் பொங்கவைப்பதே கிருமிதானே தம்பி! அதைத் தடுத்துவிட்டு இட்லி எப்படி வரும்? ஃபிரிட்ஜ் போதும்.

கேள்வி: கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் போனால் மக்குமா?

பதில்: கைட்டோசானும் மாவுச்சத்தும் ஈரமண்ணில் மக்கும். பிஎல்ஏ (மாவுச்சத்தின் சர்க்கரையைப் புளிக்கவைத்துச் செய்யும் ஒருவகை பிளாஸ்டிக்) அப்படியில்லை. சுமார் 60 டிகிரி சூடுள்ள உரக்கூடம் வேண்டும். குப்பைமேட்டில் சாதா கவர் மாதிரியே வருஷக்கணக்கில் கிடக்கும். அதனால் 'மக்கும்' என்று அச்சடித்த பையை நீட்டினால், எங்கே மக்கும் என்று கேளுங்கள்.