மரகதத்துக்குள் வெள்ளைக் கோடு

கேள்வி: பாட்டியின் மரகத மோதிரத்தை நகைக்கடையில் சுத்தம் செய்யக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது கல்லுக்குள் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். கல்லை மாற்றிவிட்டார்களா?

பதில்: பதறாதீர்கள், அதே கல்லாகத்தான் இருக்கும். மரகதத்தில் விரிசல் இல்லாத கல் அபூர்வம், அதனால் கொலம்பியாவின் மூசோ சுரங்கத்துக் கல்லானாலும் சரி, ஜாம்பியா கல்லானாலும் சரி, பட்டை தீட்டியதும் நிறமற்ற தேவதாரு எண்ணெயை அந்த விரிசல்களில் இறக்கிவிடுவார்கள். ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று சொல்லும் ஒளிவிலகல் எண் மரகதத்துக்குச் சுமார் 1.58, எண்ணெய்க்கு 1.51 வாக்கில், காற்றுக்கு 1; எண்கள் நெருக்கமாக இருந்தால் ஒளி அப்படியே கடந்துவிடும், தள்ளியிருந்தால் சிதறும்; எண்ணெய் நிறைந்த விரிசல் கண்ணுக்கு மறைவதும், காற்று புகுந்தது வெள்ளையாகத் தெரிவதும் இதனால்தான். நகையை ஒலி அதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டால் அந்த அதிர்விலும் சூட்டிலும் எண்ணெய் வெளியேறிவிடும். கேட்காமல் அப்படிப் போட்டது பெரிய தவறு, எனக்கே கோபம் வருகிறது.

கல்லை விளக்கடியில் மெல்லச் சாய்த்து, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள், கோடுகள் மேற்பரப்பு வரை வந்து தொட்டால் அது எண்ணெய் போன விரிசல். மறுபடி எண்ணெய் ஏற்றலாம், ஆனால் பச்சைச் சாயம் கலந்ததோ, பிசினோ வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் வீட்டில் கழுவ வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.