டி.என்.ஏ. முறியும்போது ஹிஸ்டோன் நொதிகளை ஆள்வது எது? – கேள்வி பதில்

கேள்வி (உயிர்வேதியியல் மாணவி): டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களை மாற்றும் நொதிகள் செல்லில் எப்போதும் இருப்பவைதாமே? அப்படியிருக்க, டி.என்.ஏ. முறிந்த இடத்தில் அவை திடீரென்று வேலை தொடங்குவது எப்படி?

பதில்: முறிவு நேர்ந்த சில நிமிடங்களுக்குள் வேலை தொடங்கிவிடுவதால், மரபணுவிலிருந்து படியெடுத்துப் புதிய நொதியை உருவாக்கிக்கொள்ளச் செல்லுக்கு அவகாசமே இல்லை. ஆகவே அது, கையிலிருக்கும் நொதியின் இருப்பிடத்தையும் துணைப் புரதங்களையும் ஆயுளையும் மாற்றுகிறது. அசிட்டைல் தொகுதியைச் சேர்க்கும் டிப்60 நொதியை எடுத்துக்கொள்வோம். இறுக்கமான குரோமாட்டினில் (டி.என்.ஏ.வும் ஹிஸ்டோன்களும் சேர்ந்த இழையில்), எச்3 ஹிஸ்டோனின் 9-ஆம் லைசின் என்னும் அமினோ அமிலத்தில் மூன்று மெத்தில் தொகுதிகள் கொண்ட அடையாளம் இருக்கும், அதை எச்.பி.1 புரதம் மூடியிருக்கும். சேதம் ஏற்பட்டதும் சி.கே.2 என்னும் கைனேஸ் (பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதி) எச்.பி.1 பீட்டாவில் ஒரு பாஸ்பேட்டைச் சேர்க்க, அப்புரதம் விலகுகிறது. வெளிப்பட்ட அடையாளத்தை டிப்60 தன் குரோமோ பகுதியால் பற்றிக்கொள்கிறது. அந்தப் பிடிப்பே அதன் வினைத்திறனைத் தூண்டுகிறது. தூண்டப்பட்ட டிப்60 அடுத்து மாற்றுவது ஹிஸ்டோனை மட்டுமன்று, முறிவு எச்சரிக்கையைப் பரப்பும் ஏ.டி.எம். கைனேஸின் 3016-ஆம் லைசினிலும் அது அசிட்டைல் தொகுதியைச் சேர்க்கிறது. அது சேராவிட்டால் ஏ.டி.எம். சரிவர விழிப்படைவதில்லை. 'ஹிஸ்டோன் நொதி' என்ற பெயர் நம்மைச் சற்று ஏமாற்றிவிடும் இடம் இது.

கேள்வி: அப்படியானால் கைனேஸ் நொதியை ஆள்கிறதா, நொதி கைனேஸை ஆள்கிறதா?

பதில்: இரண்டும் நடக்கின்றன. விழித்த ஏ.டி.எம்., எச்2ஏஎக்ஸ் ஹிஸ்டோனின் 139-ஆம் செரின் அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. 1998-இல் அறியப்பட்ட இந்த மாற்றம்தான் 'காமா எச்2ஏஎக்ஸ்' எனப்படுகிறது. அதன்மேல் எம்.டி.சி.1 என்னும் புரதம் வந்து அமர, அது யூபிக்விட்டின் என்னும் சிறு புரதத்தைப் பொருத்தும் ஆர்.என்.எப்.8 நொதியை வரவழைக்க, அதன் வழியே ஆர்.என்.எப்.168 வந்து எச்2ஏ ஹிஸ்டோனின் 13, 15-ஆம் லைசின்களில் யூபிக்விட்டினைப் பொருத்துகிறது. முதல் அடையாளம் இல்லாவிட்டால் பின்வரும் நொதிகளுக்கு அங்கே நிற்க இடமில்லை.

கேள்வி (ஆய்வு மாணவர்): பழுதுபார்க்கும் வேளையில் சில நொதிகளைச் செல் அழித்துவிடுகிறது என்று படித்தேன். இது முரணாகத் தோன்றுகிறதே, ஐயா?

பதில்: முரணன்று. கே.டி.எம்.4ஏ என்பது மெத்திலை நீக்கும் நொதி. ஆனால் இங்கே அது தொல்லை தருவது நொதியாக அன்று, வெறும் மூடியாக. எச்4 ஹிஸ்டோனின் 20-ஆம் லைசினில் உள்ள இரட்டை மெத்தில் அடையாளத்தின்மேல் அது அமர்ந்திருப்பதால், 53பி.பி.1 என்னும் பழுதுபார்ப்புப் புரதம் அந்த அடையாளத்தை நெருங்க முடிவதில்லை. மேலே சொன்ன ஆர்.என்.எப்.8, ஆர்.என்.எப்.168 இரண்டும் கே.டி.எம்.4ஏ-இல் யூபிக்விட்டினைச் சேர்த்து, புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமுக்கு அனுப்ப, அடையாளம் வெளிப்படுகிறது.

புற ஊதாக் கதிர் பட்டால், அதே 20-ஆம் லைசினில் ஒற்றை மெத்திலைச் சேர்க்கும் செட்8 நொதியும் அழிக்கப்படுகிறது. குரோமாட்டினில் பி.சி.என்.ஏ. என்னும் புரதத்தோடு அது இணைந்திருக்கும்போது மட்டுமே, யூபிக்விட்டினைச் சேர்க்கும் சி.ஆர்.எல்.4 தொகுப்பு அதைக் குறிவைக்கிறது என்பதே இதன் நுட்பம்.

இதற்கு நேர்மாறானது எம்.எல்.எல். நொதி. ஏ.டி.ஆர். கைனேஸ் அதன் 516-ஆம் செரினில் பாஸ்பேட்டைச் சேர்த்தவுடன், வழக்கமாக அதை அழிக்கும் தொகுப்பால் அதைப் பற்ற முடியாமற்போகிறது. தேங்கிய எம்.எல்.எல்., எச்3 ஹிஸ்டோனின் 4-ஆம் லைசினில் மெத்திலைச் சேர்த்து, பிந்தித் தொடங்கும் டி.என்.ஏ. இரட்டிப்பு மையங்களைத் தடுத்துவைக்கிறது.

கேள்வி: தொடங்கியது நிற்பது எப்படி?

பதில்: பலர் கேட்க மறக்கும் கேள்வி இது, என் பார்வையில் தொடக்கத்தைவிட இதுவே முக்கியமானது. திறந்த குரோமாட்டினில் முறிவு நேர்ந்தால், டிப்60-க்குத் தேவையான மெத்தில் அடையாளம் அங்கே குறைவு. எனவே கே.ஏ.பி.1, எச்.பி.1, மெத்திலைச் சேர்க்கும் எஸ்.யு.வி.39எச்1 ஆகியவை சேர்ந்த கூட்டு விரைந்து வந்து அந்த அடையாளத்தைத் தானே எழுதுகிறது. அதனால் டிப்60-உம், அதன் வழியே ஏ.டி.எம்.-உம் தூண்டப்படுகின்றன. ஏ.டி.எம். உடனே கே.ஏ.பி.1-இன் 824-ஆம் செரினில் பாஸ்பேட்டைச் சேர்க்க, வந்த கூட்டு குரோமாட்டினைவிட்டு நீங்கிவிடுகிறது. தன்னை எழுப்பிய நொதியைத் தானே வெளியேற்றும் சுற்று இது. ஆர்.என்.எப்.168-க்கோ டிரிப்12, யு.பி.ஆர்.5 என்னும் இரு நொதிகள் அளவு வைக்கின்றன. அவை இல்லாதபோது யூபிக்விட்டின் அடையாளம் முறிவைத் தாண்டி வெகுதூரம் பரவி, அப்பகுதி மரபணுக்களின் படியெடுப்பையே அடக்கிவிடுகிறது.

கேள்வி: செல்லின் வளர்சிதை மாற்ற நிலைக்கு இதில் பங்கு உண்டா?

பதில்: உண்டு. அசிட்டைலை நீக்கும் சர்ட்1, சர்ட்6 இரண்டுக்கும் என்.ஏ.டி. என்னும் துணை மூலக்கூறு தேவை, முறிவை உணரும் பார்ப்1-உம் அதே என்.ஏ.டி.யைச் செலவிடுகிறது. சேதம் மிகுந்து பார்ப்1 அளவுமீறி இயங்கினால் சர்ட்1-இன் வேலை மங்கும். ஆயினும் இவை வெறும் போட்டியாளர்கள் அல்ல: ஆக்சிஜனேற்ற அழுத்தத்தின்போது ஜே.என்.கே. கைனேஸ் சர்ட்6-இன் 10-ஆம் செரினில் பாஸ்பேட்டைச் சேர்க்க, அது முறிந்த இடத்துக்குச் சென்று பார்ப்1-ஐயே ஊக்குவிக்கிறது.

கேள்வி: அசிட்டைல் நீக்கிகளைத் தடுக்கும் மருந்துகள் பழுதுபார்ப்பைக் குலைப்பதால்தான் புற்றுநோயில் பயன்படுகின்றனவா?

பதில்: அதுவும் ஒரு காரணம், ஆனால் அது மட்டுமே என்று சொல்வதற்கில்லை. எச்.டி.ஏ.சி.1, எச்.டி.ஏ.சி.2 என்னும் அசிட்டைல் நீக்கிகள் இரண்டும் முறிந்த இடத்துக்கு வந்து எச்3-இன் 56-ஆம் லைசினிலிருந்து அசிட்டைலை நீக்குகின்றன. அவை இல்லாத செல்கள் கதிர்வீச்சை எளிதில் தாங்குவதில்லை. ஆனால் 2006-இல் அமெரிக்காவில் இவ்வகை மருந்தான வோரினோஸ்டாட் அனுமதி பெற்றது தோலில் தோன்றும் ஒருவகை டி-செல் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய்க்காகவே. கதிர்வீச்சின் துணை மருந்தாக அன்று. அம்மருந்து மரபணு வெளிப்பாட்டையும் பரவலாக மாற்றுவதால், எந்த விளைவு எதனால் வந்தது என்று பிரித்தறிவது கடினம்.